வெளிக் கமராவில் பதிந்தது

கனடாவின் ஸ்காபரோவில் கல்யாணமோ சாமத்தியவீடோ கோயில் பெருநாளோ எது நடந்தாலும், மண்டபத்துக்கு வெளியே சீமோன் நிற்பார். அவர் கையைத் தூக்கினால் கார் நிற்கும், விரலை அசைத்தால் பின்னுக்குப் போகும். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து காலமெல்லாம் கார்களுக்கு ரிக்கற் கொடுத்தவர். ஒருநாள் கூட்டைப் பிடுங்கிவிட்டு மெஷினை வைத்தார்கள். வேலை போனதும் மனிதர் வீட்டில் சும்மா இருக்கலாம்தானே? இல்லை. ஊராரின் கொண்டாட்டங்களுக்குக் கார் நிறுத்திக் கொடுக்கப் புறப்பட்டார். யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் நிற்கிறார் என்றால் சனத்துக்கு ஒரு நிம்மதி. எத்தனையோ கல்யாணத்துக்குப் போன மனிதர், தாலி கட்டுவதைக் கண்டது குறைவு. யாராவது மனமிரங்கி ஒரு பெட்டியில் சோற்றைப் போட்டு வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

மனைவி எமில்டா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “எங்கட கலியாணத்துக்கு இந்த மனிசன் உள்ளுக்கு வந்து நிண்டதே பெரிய காரியம்” என்பாள்.

அந்த எமில்டா மாசி மாதத்துப் பனிக்குள் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு சீமோனுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டார், படுத்தார், குப்பைப் பெட்டியைச் சரியான நாளில் தெருவோரம் கொண்டுபோய் வைத்தார். அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தார். வரவில்லை. மனம் மரத்துக் கிடந்தது. செத்தவீட்டு நாளைப் பற்றி யோசித்தால் அவருக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எமில்டாவின் நெற்றியில் கை வைத்தார். அந்தக் குளிர் அவருடைய வலது உள்ளங்கையில் இன்னும் இருந்தது. வேறொன்றும் மிஞ்சாதவருக்கு அது போதுமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, பக்கத்து நகரமான அஜக்ஸில் மகள் மெலனியின் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மெலனி கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்பா, நீங்கள் அங்க இல்லை.”

“எங்க இல்லை?”

“பெட்டி மூடேக்க. நீங்கள் வெளியில கார் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போய் நிண்டனீங்கள்.”

“விசர்க்கதை கதையாத. நான் அவவின்ர நெத்தியில கை வைச்சனான்.”

“வைக்கேல்லை அப்பா.”

அவ்வளவுதான். தகப்பனும் மகளும் அன்றோடு பேச்சை விட்டார்கள். மெலனி பிடிவாதக்காரி. அதை அவள் எங்கேயிருந்து பெற்றாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரே சாட்சி செத்தவீட்டு வீடியோதான் என்று சீமோன் முடிவு செய்தார். நாங்கள் செத்தவீட்டுக்கும் வீடியோ எடுப்போம். லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற சொந்தம் பார்க்க வேண்டாமா? எடுத்தவன் ராகுலன் என்ற இளம் படப்பிடிப்பாளன். சீமோன் போன் எடுத்தபோது அவன் தடுமாறினான்.

“அங்கிள், உள்ளுக்கு எடுத்த மெமரி கார்ட் பழுதாப் போச்சு. நான் உங்களுக்குக் காசைத் திருப்பித் தாறன்.”

“எனக்குக் காசு வேண்டாம் தம்பி. வேற ஒண்டும் இல்லையோ?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இல்லை அங்கிள்” என்றான். அந்தக் கொஞ்ச நேரம் சீமோனுக்குப் பிடிக்கவில்லை. செத்தவீட்டில் அவன் இரண்டு கமரா வைத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது.

அப்படித்தான் அவர் ‘வழக்கு நேரம்’ நிகழ்ச்சிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் அலைவரிசை ஒன்றில் போகும் சின்ன நீதிமன்றம் அது. சாறி பிளவுஸ் இறுக்கமாய்த் தைத்த வழக்கு, பேஸ்மென்ற்றில் இருப்பவர் கருவாடு பொரித்த வழக்கு, மேடை அலங்காரத்து யானை மாப்பிள்ளையின் மாமா மேல் விழுந்த வழக்கு எல்லாம் அங்கேதான் தீர்க்கப்படும். தீர்ப்புச் சொல்பவர் செந்தில்நாதன், ஊரில் சட்டத்தரணியாக இருந்தவர். இரண்டு பக்கமும் அவர் சொல்வதை ஏற்கிறோம் என்று முதலே கையெழுத்து வைத்துவிடவேண்டும். சனமாக உட்கார்ந்திருப்பவர்கள் முதியோர் சங்கத்து ஆட்கள். அவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் உண்டு. யாராவது பொய் சொன்னால் “ஓ” என்று இழுக்கவேண்டும். அதற்கும் ஒரு ஒத்திகை நடக்கும்.

நிகழ்ச்சியைத் தயாரிக்கும் ஸ்ரீதேவி, “எவ்வளவு நட்டஈடு கேக்கிறீங்கள் அங்கிள்?” என்றாள்.

“காசு கேக்கேல்லை. இருக்கிற வீடியோவைக் காட்டச் சொல்லிக் கேக்கிறன்.”

“காசு கேக்காட்டி அது வழக்கே இல்லை அங்கிள்.”

சரி, கொடுத்த காசையே போடுங்கோ என்றார். நியாயம் கேட்பதற்கும் ஒரு விலை எழுதவேண்டும் என்பது அவருக்குப் புதினமாக இருந்தது. அதையும் யோசிக்கிற அளவுக்கு அவருக்கு மனம் விழித்திருக்கவில்லை.

ஒளிப்பதிவு நாளில் எமில்டா வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். முன்னைய வழக்கு பிளவுஸ் வழக்கு. முதியவர்கள் நன்றாக “ஓ” போட்டுக் களைத்திருந்தார்கள். ராகுலன் எதிர்மேசையில் தலையைக் குனிந்தபடி நின்றான். தன் பிழையை உடனே ஒத்துக்கொண்டான். செந்தில்நாதனுக்கு அது பிடிக்கவில்லை. சண்டை இல்லாவிட்டால் நிகழ்ச்சி எப்படி ஓடும்?

“ராகுலன், நீங்கள் ரெண்டு கமரா வைச்சனீங்கள் எண்டு ஐயா எழுதியிருக்கிறார். மற்றக் கமரா எங்க?”

“அது வாசல்லதான் வைச்சனான். கண்ணாடிக் கதவுக்கு உள்ள நிண்டு வெளியில பாத்துக்கொண்டு இருந்தது. ஆக்கள் வாறதை எடுக்க.”

“அந்தக் கார்டும் பழுதோ?”

ராகுலன் சீமோனைப் பார்த்தான். “இல்லை. ஆனா அது இஞ்ச வேண்டாம் சேர். காசை நான் குடுக்கிறன். தயவு செய்து அதை விடுங்கோ.”

“போடட்டும்” என்றார் சீமோன். “நான் அதுக்குத்தானே வந்தனான்.”

ராகுலனின் கணினியை மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையோடு பொருத்தினார்கள். அவன் தேடவில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

திரையில் செத்தவீட்டு மண்டபத்தின் கார்த் தரிப்பிடம் வந்தது. பாதி இடத்தைப் பனிக் குவியல் பிடித்திருந்தது. கோயிலுக்கு ஊர்வலமாகப் போகவேண்டிய கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. நடுவில், கறுப்புக் கோட்டும் கழுத்துச் சால்வையுமாகச் சீமோன். வாசலில் இருந்த ஒலிபெருக்கியில் உள்ளே நடப்பது கேட்டது. சுவாமியார் செபம் சொன்னார். பெண்கள் அழுதார்கள். பிறகு மெலனியின் குரல், உடைந்துபோய்: “அப்பா எங்க? மூடப் போகினம், அப்பாவைக் கூப்பிடுங்கோ.”

எமில்டாவின் தம்பி றொபேட் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். பனிக்குள் நின்று சீமோனிடம் ஏதோ சொன்னான். திரையில் இருந்த சீமோன் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிசம். ஒரு வெள்ளை வான் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. றொபேட் உள்ளே திரும்பி வந்து, கமராவைத் தாண்டும்போது, “வாறாராம்” என்றான்.

வான் வந்தது. சீமோன் கையுறையைக் கழற்றி, போதும், போதும் என்று காட்டினார். நின்றதும் அதன் முன் மூடியில் வலது உள்ளங்கையால் தட்டினார். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, வானுக்கும் பனிக் குவியலுக்கும் இடையில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். ஒலிபெருக்கியில் பாட்டு எழும்பியது. பெட்டி மூடியாயிற்று.

மேசையில் ஊன்றியிருந்த தன் வலது கையைச் சீமோன் பார்த்தார். அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. முதியோர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். யாரும் “ஓ” போடவில்லை. சீமோனுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை. வேறு யாருடைய படத்தையோ பார்த்தது மாதிரி இருந்தது.

“ஐயா, ஏதும் சொல்ல விரும்புறீங்களோ?” செந்தில்நாதனின் குரல் இறங்கியிருந்தது.

“கார் எல்லாம் ஒழுங்காத்தான் நிண்டிருக்கு” என்றார் சீமோன்.

காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. செந்தில்நாதன் மரச்சுத்தியலை மெதுவாகத் தட்டினார். வெளியே ராகுலன் வந்து, “அங்கிள், நான் வேணுமெண்டுதான் இல்லை எண்டு சொன்னனான்” என்றான். “தெரியும் தம்பி” என்று அவனுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நிகழ்ச்சி ஞாயிறன்று போனது. செத்தவீட்டுக் காட்சி நேயர்களுக்கு ஒத்துவராது என்று ஸ்ரீதேவி அதை முழுதாக வெட்டிவிட்டாள். ரோல்ஸ் விளம்பரம் முடிந்ததும் தீர்ப்புத்தான் வந்தது. காசு கேட்டு வந்த கிழவனுக்குக் காசு கிடைத்தது. அவ்வளவுதான் ஊர் கண்டது.

அதை அப்படியே விட்டிருந்தால் சீமோனுக்கு ஒரு வசதி இருந்தது. அப்படி ஒரு வீடியோ இருப்பது மெலனிக்குத் தெரியப்போவதில்லை. நான் நெற்றியில் கை வைத்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தார். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போதும் அவருக்கு அழுகை வரவில்லை.

மணி அடிக்க முன்னமே மெலனி கதவைத் திறந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“காசுக்காக அம்மான்ர செத்தவீட்டை ரீவிக்குக் கொண்டு போனீங்களோ?”

“காசுக்கில்லை பிள்ளை. நீ பொய் சொல்லுறாய் எண்டு காட்டப் போனனான்.” சீமோன் வாசற்படியிலேயே நின்றார். “நீ சொன்னதுதான் சரி. நான் வெளியிலதான் நிண்டனான். நீ கூப்பிட்டதும் அதில கேக்குது. நான் வரேல்லை.”

அந்த வழக்கில் வென்றவள் மெலனிதான். வென்ற முகமாக அது இல்லை. அவள் கதவை விட்டு விலகி வழி விட்டாள்.

“உள்ள வாங்கோ, அப்பா.”

சீமோன் திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் விட்ட கார், பாதி வீதியிலும் பாதி புல்லிலுமாகப் பக்கத்து வீட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

“கார் குறுக்கால நிக்குது, பிள்ளை.”

“நிக்கட்டும்” என்றாள் மெலனி.