கவிழ்த்து வைத்த பலகை

பச்சையம்மாளை மக்கு என்று ஒதுக்கியவன் நான். இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவள் பள்ளிக்கு வராதிருக்கப் பொய் சொன்னவனும் நானே! சொல்லிவிட்டேன்... இத்தனை ஆண்டுகளுக்குப் பின் மூச்சு எவ்வளவு இலேசாக வருகிறது!

அயனம்பாக்கம் ஏரிக்காற்று நேரே நுழையும் நான் வாத்தியாராக இருந்த கூரைப்பள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலாம் வகுப்பில் ஒரே பெண் அவள். வயற்கூலி முனியனின் மகள். எழுதித் தந்தால் எந்தக் கணக்கையும் போடுவாள். மனக்கணக்கு வேளையிலோ சிலேட்டுப் பலகையைக் கவிழ்த்துவிட வேண்டும். நான் ஒரே மூச்சில் சொல்வேன்; மறுமுறை கிடையாது.

"மூன்று மரக்கால் நெல்லில் நாலு படியை அள்ளிவிட்டு, மிச்சத்தை நாலு பேருக்குப் பிரித்து, ஒருவன் பங்கோடு இரண்டு படி சேர்த்தால் எத்தனை?"

"மொதல்ல எத்தினி மரக்கா சார்?"

வகுப்பே சிரிக்கும். "தலையா அது, சல்லடையா?" என்பேன். நானும் சிரித்தேன்... ஆம், சிரித்தேன்!

பள்ளிகளைச் சோதிக்கும் ஜில்லா இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கியது. அவளால் என் பெயர் கெட்டுவிட்டால்? அன்று பெண்பிள்ளைகள் வரவேண்டாமென்பது அவர் உத்தரவு என்று முனியனிடம் சொன்னேன்.

"அப்ப இனிமே இஸ்கோலே வாணாம் வாத்யாரே. நாத்து நட ஒரு கை ஆச்சு."

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், மெச்சினார். சைக்கிளில் ஏறிக்கொண்டே கட்டளைகளை உதிர்த்தார். வருகைப் பதிவேட்டைத் திருத்து, கூரையை மாற்று, அப்புறம் ஏதேதோ... ஏதேதோ! பதினைந்தாண்டு வாத்தியாருக்கு முதலிரண்டே மனத்தில் மிஞ்சின. பின்னால் ஓடினேன்.

"மூணாவது என்ன சார்?"

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். பச்சையம்மாள் கேட்டதும் இதைத்தானே! மனம் என்ன களஞ்சியமா? ஒரு பிடிதானே அதில் நிற்கிறது! மேலே மேலே கொட்டியவன் நான். சிந்தியதற்கு ஏச்சு அவளுக்கா?

மறுநாளே நாற்றங்காலுக்குப் போனேன். உத்தரவு மாறிவிட்டது என்று முனியனைக் கெஞ்சினேன். வந்தாள். பலகையை நிமிர்த்தச் சொன்னேன். மூன்று மரக்கால்... மரக்காலுக்கு எட்டுப் படி, படியாக்கி எழுது. நாலு படி... கழித்தாயா? இனி அடுத்தது.

"ஏழு படி சார்!"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அதன்பின் யாரையும் பலகையைக் கவிழ்க்கச் சொன்னதில்லை. பையன்களில் பாதிப்பேர் அதுவரை பக்கத்தவன் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் வகுப்புத் தேறிப் போகிற அன்று கேட்டாள்.

"அந்த இன்ஸ்பெக்டரு மெய்யாலுமே பொண்ணுங்க வரக்கூடாதுன்னு சொன்னாரா சார்?"

"ஆமாம்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்...