எடை பார்க்கும் நாள்

படூர் கிளினிக்கில் மகளை எடை பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருத்தி தன் குழந்தைக்குச் சத்துமாவு குழைத்தாள். வறுத்த கோதுமையும் வெல்லமும் கலந்த அந்த வாசனை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

திருப்போரூரில், இப்போது மனை போட்டு விற்றுவிட்ட இடத்தில், எங்கள் பால்வாடி இருந்தது. ஓட்டுக்கூரை, சில்லென்ற சிமெண்டுத் தரை, உத்திரத்தில் தொங்கும் தராசு. அதில் மாட்டிய துணித் தூளியில் மாதா மாதம் எங்களை உட்காரவைத்து டீச்சர் எடை பார்ப்பார். எடை குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு இரட்டிப்பாகக் கிடைக்கும் என்பதால், அன்று காலை எங்கள் தெருவில் எந்த அம்மாவும் பிள்ளைக்கு ஒரு வாய்கூடத் தரமாட்டாள். பசியில் காந்தும் வயிற்றோடு நான் தூளிக்குள் கால்களை உதறிக்கொண்டே இருப்பேன்.

“ஆடாதடி, முள்ளு நிக்கட்டும்,” என்று அதட்டுவார் டீச்சர். பிறகு அம்மாவிடம், “புள்ளைக்குக் காலைல இன்னா குட்த்த?”

“கஞ்சி குட்ச்சிட்டுத்தான் வந்துச்சி டீச்சர்,” என்பாள் அம்மா, என் தோளைக் கிள்ளியபடி. நானும் வேகமாகத் தலையாட்டுவேன்.

“பாப்பா சாப்ட்டாளா?” என்று கேட்டாள் கிளினிக் நர்ஸ்.

வரும் வழியில் ஆட்டோவிலேயே மகளுக்கு இட்லி ஊட்டி முடித்திருந்த நான், நர்ஸ் கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னேன்:

“கஞ்சி குட்ச்சிட்டுத்தான் வந்தா.”