மதிலோரத்துச் சிப்பிகள்

அர்ஜுனன் முதன்முதலில் கண்டபோது, வடிவம்மாள் தன் வீட்டு வாசலோரம் சிப்பி ஓடுகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் படகுத்துறையில் கயிறு கட்டும் தொழிலாளி. தின்றபின் எறியும் ஓட்டிலும் அழகு காணும் அந்தப் பெண்ணிடம் அவன் மனம் சென்றது.

"குப்பை பொறுக்குறவளையா கட்டப் போற?" என்று அவன் தாய் இடித்துரைத்தாள். 1972-இல் அவளையே மணந்தான்.

ஈராண்டில் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் இறந்தது. வடிவம்மாள் மருத்துவமனையில் காய்ச்சலுடன் கிடக்க, துணியில் சுற்றிய குழந்தையை அர்ஜுனனே இடுகாட்டுக்கு எடுத்துச் சென்றான். வாசலுக்கு அப்பால் அவனால் கால் வைக்க இயலவில்லை. குழி வெட்டும் முதியவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அம்முதியவரும் அம்மாதமே இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் வடிவம்மாள் கேட்டாள்: "எந்த எடம்னு காட்டுங்க. அது போதும்."

அவன் எதை அறிந்து காட்டுவான்? மதிலோரத்தில் ஓரிடத்தைக் காட்டினான்.

பதினேழு ஆண்டுகள், வெள்ளிதோறும் அவள் அங்குச் சிப்பி அடுக்கினாள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் சாம்பல் நிறம். விரிசல் விழுந்தது ஒன்றும் இராது. இதே கரையில், கெப்பாலா பத்தாஸ் ஊருக்கு அப்பால், தொல்குடிகள் தின்றெறிந்த ஓடுகள் குவிந்த சிப்பி மேடுகளில் மனித எலும்புகள் கிடைத்தன எனப் படித்திருக்கிறேன். எழுத்து அறியாத அம்மக்களுக்கும் இறந்தோரை வெறும் மண்ணில் விட மனம் வரவில்லை போலும். வடிவம்மாள் அதைப் படித்தவள் அல்லள்.

1991-இல் சாலையை அகலப்படுத்த இடுகாட்டின் மதிலோரப் பகுதி எடுக்கப்பட்டது. உரியவர்கள் எலும்புகளை எடுத்துக்கொள்ளலாம் என அறிவிப்பு வந்தது. அவள் புதுப் பானை வாங்கினாள்.

"சின்னப் புள்ள. ஒன்னும் இருக்காது. விட்டுடு, வடிவு."

"ஒரு நகம் கெடைச்சாலும் போதும்லா. கடல்ல கரைச்சிடுவேன்."

தோண்ட வந்தவர் பக்கிரிசாமி. "அண்ணே, தள்ளி நில்லுங்க. நீங்க மொறைச்சா மண்ணு தானா வெளிய வந்துருமா?" என்று சிரித்தார். இடுப்பளவு ஆழத்தில் அவர் சிரிப்பு நின்றது.

"இது கை படாத மண்ணாச்சே..." என்று தொடங்கியவர், அர்ஜுனனின் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். பிறகு இரு கைகளாலும் மண்ணை அள்ளிப் பானையில் இட்டார்.

"பச்சப்புள்ள எலும்பு மண்ணாத்தான்க்கா போயிரும். இந்தாங்க. இதான் அவ."

வடிவம்மாள் பானையின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, இடுப்பில் ஏந்திக்கொண்டாள்.

"நல்லா கனமா இருக்கா," என்றாள்.

அப்பகுதியின் மறுகோடியில், கேட்பாரற்ற குழிகளை இயந்திரம் வழித்து லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே எந்தக் குழி தன் மகளுடையது என அர்ஜுனனுக்குத் தெரியாது. லாரி புறப்பட்டது. அது வளைவில் மறைந்த பின்னும் அவன் அசையவில்லை.

"வாங்க," என்றாள் வடிவம்மாள். "புள்ளைய வெயில்ல வெச்சிருக்கேன்."