வெள்ளை வைனுக்குச் சோற்று உப்பு

மேசையில் நின்ற போத்தலைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்வீட்டுக்காரர் கண்டுவிடுவார்களோ என்று யன்னல் திரையை இழுத்து மூடினேன்.

என் மகன் இங்கே லுசேர்ண் நகரத்தில் ஓர் இத்தாலி உணவகத்தில் சமையல் வேலை செய்கிறான். கோப்பை கழுவப் போய், மரக்கறி வெட்டி, மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்தவன். போன மாரியில் வந்த காய்ச்சலோடு அவனுக்கு மணமும் ருசியும் போய்விட்டன. திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்றார் டாக்டர். வேலையிடத்தில் ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம். தெரிந்த சாப்பாடுகளைக் கைப்பழக்கத்தில் சமைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி, மகன் வாயில் ‘ஷெஃப்’, தன் ஊரிலிருந்து இந்த வைனைக் கொண்டுவந்தார். அவர் இத்தாலியின் கிழக்குக் கரையில் மார்க்கே என்ற பகுதியைச் சேர்ந்தவர். வெர்டிக்கியோ என்ற திராட்சையில் செய்த வெள்ளை வைன். தோட்டங்கள் இருக்கும் குன்றில் நின்றால் கடல் தெரியுமாம். கரையில் இருக்கிற சனங்கள் பலவகை மீனைத் தக்காளியும் வினாகிரியும் விட்டு ஒன்றாக அவித்து, இதோடு சாப்பிடுவார்களாம். வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு விருந்து வைக்கப்போவதாகவும், மீன் சட்டி என் மகனின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டார்.

“அம்மா, நீங்கள்தான் ருசி பாத்துச் சொல்லவேணும்.”

“எனக்கென்ன தெரியும் மோனை? கள்ளுக்கூட நான் வாயிலை வைச்சதில்லை.”

“எனக்கு வேறை ஆர் இருக்கினம்?”

கிளாசை எடுத்தேன். வாய் வைத்துக் குடித்துப் பழக்கமில்லை. தண்ணீர் குடிப்பதுபோல அண்ணாந்து ஊற்றினேன். பாதி சட்டையில் போனது.

“மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பொத்தாதேங்கோ அம்மா! மணந்து பாருங்கோ.”

“புளிக்குது.”

“என்ன புளி? தேசிக்காயோ, பழப்புளியோ?”

“தேசிக்காய். விழுங்கினாப் பிறகு கொஞ்சம் கைக்குது. பாதாம் பருப்புத் தோல் மாதிரி.”

“ஓம், ஓம். ஷெஃப் சொன்னதும் அதுதான்!” அவன் முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது. அதைக் கண்டதும் எனக்கும் தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியம் வராமலே இருந்திருக்கலாம்.

மீன் சட்டியை அவன் வீட்டிலேயே ஒருமுறை வைத்துப் பார்த்தான். அகப்பையால் எடுத்து என் உள்ளங்கையில் விட்டான். நக்கிப் பார்த்தேன்.

“உப்புக் காணாது.”

போட்டான்.

“இன்னும் கொஞ்சம் போடு.”

போட்டான்.

“இப்ப சரி.”

அந்த உப்பை அளந்து வைத்துக்கொண்டு, விருந்துக்கும் அதே கணக்கில் போட்டான்.

அன்று பின்னேரம் நேரத்தோடு வீடு வந்துவிட்டான். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான்.

“எல்லாரும் திருப்பி அனுப்பிப்போட்டினம் அம்மா. ஒரே உப்பாம். வைன்ரை ருசியே தெரியேல்லையாம். ‘நீ ருசி பாக்கேல்லையோ’ எண்டு ஷெஃப் கேட்டார். உண்மையைச் சொல்லிப்போட்டன்.”

“ஏசினவரோ?”

“இல்லை. தோளிலை தட்டினார். ருசி வரும்வரைக்கும் மரக்கறி வெட்டட்டாம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நாக்கு குழம்பைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. அது சோற்றோடு குழைத்த பிறகு எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கும். எங்கள் குழம்பில் எப்போதும் சோற்றுக்கும் சேர்த்துத்தான் உப்பு. அங்கே ஏது சோறு? கோப்பையில் விட்டு, பாண் துண்டைப் பிய்த்துத் தொட்டு, அப்படியே அல்லவா சாப்பிடுகிறார்கள்! இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன, அதனால் அவன் திரும்பவும் அடுப்படிக்குப் போகப்போகிறானா?

“நான்தான் மோனை...”

“விடுங்கோ அம்மா. பசிக்குது.”

சோற்றைப் போட்டு, மத்தியானம் வைத்த மீன்குழம்பை விட்டேன். குனிந்தபடி சாப்பிட்டான். மிச்ச வைன் போத்தல் இன்னும் மேசையில்தான் நின்றது. அதை ஊற்றவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், காலமெல்லாம் கேட்ட பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

“உப்புக் காணுமோ?”

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

“ஓம் அம்மா. அளவாய் இருக்கு.”