சித்தப்பா பூட்டிய இன்ஜின்

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டுச் சோற்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பிஸ்டன்களை ஊறப்போட்ட அகலவாய்ச் சருவச்சட்டியை அம்மா எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தாலும், வாடை அடுக்களை முழுக்கப் பரவி மோரில்கூட ஏறியிருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், அப்பாவின் தம்பி முருகேசன் சித்தப்பா, ஒரு பழைய வேனின் இன்ஜினை அக்கக்காகக் கழற்றிச் சாக்குகளின் மேல் பரப்பியிருந்தார்.

தன் நாட்டுக்கே திரும்பிப்போன வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போன ஓடாத வண்டி அது. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். இன்ஜின் பின்பக்கம் இருந்தது. ரேடியேட்டர் கிடையாது, ஒரு விசிறி ஊதும் காற்றே அதைக் குளிரவைக்கும் என்று சித்தப்பா சொன்னதைத் தெருவில் யாரும் நம்பவில்லை. "தண்ணி குடிக்காத வண்டியும் தண்டச்சோறு திங்கிற தம்பியும் எங்க வீட்லதான் இருக்கு" என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வேலை பார்த்த பட்டறை மூடிப்போய் எங்களோடு வந்து இருந்தவர், சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆனால் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "வண்டிய ஓட வச்சிரு, அது ஒனக்குத்தான். வாடகைக்கு ஓட்டிப் பொழச்சுக்க." அந்த வாக்கை நம்பித்தான் உசிலம்பட்டித் தாத்தா, அதாவது அம்மாவின் சித்தப்பா, தன் மகள் தனத்தை முருகேசன் சித்தப்பாவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஒருநாள் தாத்தாவோடு வந்த தனம் சித்தி, கொல்லையில் கிடந்த வால்வுகளையும் செதில் செதிலான சிலிண்டர்களையும் பார்த்து மலைத்துப்போய், "இம்புட்டையும் திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாமயா கழட்டுனேன்?" என்றார் சித்தப்பா. சொல்லும்போதே அவர் காதுகள் சிவந்தன.

பூட்டினார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இன்ஜின், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி படபடவென்று பிடித்துக்கொண்டது. தெருவே கூடி நின்று பார்த்தது.

சேதி கேட்டு முகூர்த்தம் குறிக்க வந்தார் உசிலம்பட்டித் தாத்தா. அப்பா அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, சித்தப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி எம்பேர்ல இருக்கு மாமா. இவன் வெறும் டிரைவருதான். பொண்ணக் குடுக்குறதுன்னா யோசிச்சுக் குடுங்க." தாத்தா காபியைக் குடிக்காமலே எழுந்தார். ஆடியில் பேச்சு முறிந்து, ஆவணியில் தனம் சித்தியை மேலூரில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு வாடகை வண்டியாக எங்கள் வேனையே அப்பா பேசிவிட்டார். "வேணாங்க, பாவம்" என்று அம்மா கெஞ்சினாள். "திங்கிற சோத்துக்கு ஓட்டட்டும்" என்றார் அப்பா.

சித்தப்பா ஓட்டினார். பின்னால் மாப்பிள்ளையும் பொண்ணும் மாலையோடு உட்கார்ந்திருக்க, உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரை வண்டி ஒரே சீராகப் போயிற்று. தனம் சித்தி தலை நிமிரவே இல்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று பெரியவர்கள் அவளைத் தேற்றினார்கள்.

திரும்புகையில் நாங்கள் நாலு பேர்தான். மேலூர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "என்னடா அது?" என்றார் அப்பா. "ஒண்ணுமில்லண்ணே" என்றார் சித்தப்பா. விசிறி பெல்ட் அறுந்தால்தான் அந்த விளக்கு எரியும், உடனே நிறுத்தாவிட்டால் இன்ஜின் வெந்துவிடும் என்று அவர் அடுக்களையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னதுண்டு. அம்மா விளக்கைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே யானைமலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கருகல் நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒத்தக்கடைக்கு முன்னால், எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டு வண்டி நின்றது.

அப்பா அவரை இறக்கி, வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கச் செருப்பால் அடித்தார். சித்தப்பா கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும், "இப்ப ஒங்க வண்டிதாண்ணே, எடுத்துக்கங்க" என்று சாவியை நீட்டினார். பிறகு மதுரைப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனவர், எங்கள் வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

இன்று அந்தக் கொல்லை இல்லை. அங்கே மாடி வீடுகள் வந்துவிட்டன. வேனைப் பழைய இரும்புக்காரர் துண்டு துண்டாக அறுத்து ஏற்றிப் போனார். அந்த மாதிரி இன்ஜின் சத்தத்தை மதுரைத் தெருக்களில் நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. போன வருடம் அப்பா இறந்தபோது, யார் யாரிடமோ விசாரித்து நம்பர் வாங்கி, திருப்பூரிலிருந்த சித்தப்பாவுக்கு நான்தான் சொன்னேன்.

"ஒங்கம்மா சாப்ட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சித்தப்பா. நீங்க எப்ப வாரீங்க?"

"அவங்களச் சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.