அண்ணி பேரம் பேசாமல் வாங்கிய பெட்டி

நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவருடைய அக்கா வீடும் எங்கள் வீடும் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற ஒரே குடியிருப்பில்தான் இருக்கின்றன. நடுவில் இரண்டு வரிசை வீடுகள். இருந்தும் பதினைந்து வருஷத்துக்கு மேல் நாங்கள் கல்யாணம், கருமாதி என்றால் மட்டும் பேசிக்கொள்வோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் கல்யாணத்தன்று, மணவறையிலிருந்து இறங்கியதும் அவர் என் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "கழிவுல எடுத்ததா?" என்று கேட்டார். கழிவில், அதாவது தள்ளுபடியில் எடுத்ததுதான். ஈப்போவில் ஒரு துணிக்கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என் அம்மா ஓடிப்போய் வாங்கிய சேலை அது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூட மறந்திருப்பேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டாரே என்றுதான் அவ்வளவு கோபம்.

நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில், கொரோனாக் காலம் முடிந்து ஆர்டர் குறைந்ததும், எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கையுறையில் காற்றடைத்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. பதினெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பேப்பர், பழைய இரும்பு எடுக்கும் லாரி, "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு வந்தது. ஓடாத பிளெண்டரையும் காற்றாடியையும் தூக்கிப் போட்டேன். லாரி முனை திரும்பியிருக்காது, அங்கே ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் அண்ணி லாரியை மறித்துக்கொண்டு நிற்கிறார். இடுப்பில் என் பிளெண்டர்.

"யாருலா இத போட்டது? மோட்டார் நல்லா இருக்கு. கார்பன் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"நான்தான் அண்ணி," என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேல போச்சாமே, தம்பி சொன்னான். நாளைக்கு காலையில ஈப்போ போறேன். வாரியா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணி அரசாங்க மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய சாமான் வாங்கித் துடைத்து, பழுது பார்த்து விற்பதை அவர் எப்போதோ தொடங்கிவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை. என்னிடம் ஒரு சின்ன கார் இருந்தது, அவருக்குக் கண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஈப்போ பழைய சந்தைக்குப் போய்விடுவோம். பிறகு தேவாலய வளாகங்களில் போடும் விற்பனை, வீடு காலி பண்ணுகிறவர்கள் வாசலில் பரப்பி வைக்கும் சாமான்கள். சித்தியவான் வரைக்கும்கூடப் போயிருக்கிறோம். குக்கர், இட்லிப் பானை, தையல் மிஷின், ஒருமுறைகூடக் கட்டாத பட்டுச்சேலை என்று கார் நிறைய ஏற்றி வருவோம். மதியத்துக்குள் கழுவித் துடைத்துப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் சாயந்திரம் ஆள் வந்துவிடும்.

அண்ணி பேரம் பேசுவதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாகிவிட்டது. பிடித்த சாமானை அவர் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் இருக்கும் உடைந்த கடிகாரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், விலை கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். பிறகு போகிற போக்கில் கால் விரலால் குக்கரைக் காட்டி, "இதயும் சேத்து எவ்வளவு?" என்பார். விலையைக் குறைக்கச் சொல்லி மலாய்க்காரரிடம் "போலே கூராங்?", சீனரிடம் "பெங் தி லா", நம்மவரிடம், "அண்ணே, நானும் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனவ வயித்துல பொறந்தவதான்." மூன்று பேரிடமும் விலை குறையும். கடிகாரத்தை மட்டும் மறந்ததுபோல் அங்கேயே விட்டுவிட்டு வருவார்.

அந்த அண்ணிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்தார்.

ஈப்போவில் ஒரு பஞ்சாபி டீச்சர், பணி ஓய்வு பெற்றவர், வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போகிறார் என்று தகவல் வந்தது. பெரிய பெரிய சமையல் பாத்திரங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் எங்களிடம் கேட்டு வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். பாத்திரங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. நான் அடிப்பக்கம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம்போல வேறு பக்கம் போனார். ஏதோ ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் ஆர்மோனியப் பெட்டி.

நான் நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணி அதன் முன்னால் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கட்டையைத் தொட்டார். காற்று இல்லாததால் சத்தம் வரவில்லை. டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பின்பக்கத் துருத்தியை அசைத்தார். பெட்டி மெதுவாக முனகியது.

"வாசிப்பீங்களா?" என்று டீச்சர் மலாயில் கேட்டார்.

"இல்ல டீச்சர். பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். ரொம்ப கேட்டிருக்கேன்."

டீச்சர் தம் கணவர் வாசித்த பெட்டி என்றார். மகளுக்கு வேண்டாமாம், விமானத்தில் எடுத்துப்போகவும் வழியில்லையாம். விலை இருநூற்றைம்பது வெள்ளி என்றார். நான் அண்ணியின் ரவிக்கையைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை அவர். இடுப்புப் பையைத் திறந்து, அன்றைய வியாபாரத்துக்கு என்று இருவரும் போட்டு வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். டீச்சர் உள்ளே போய்ப் பூப்போட்ட உறை ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குப் போட்டு, அதன் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பாத்திரங்களை வேறொருவர் ஏற்றிக்கொண்டு போனார்.

காரில் ஏறியதும் கதவை அடித்துச் சாத்தினேன். பாதி வழி வந்த பிறகு அண்ணியே ஆரம்பித்தார்.

"எஸ்டேட் கோயில்ல சனிக்கிழம பஜனை நடக்கும். எனக்குப் பதினோரு வயசு. பெட்டிக்காரருக்குப் பக்கத்துலதான் உக்காருவேன். ஒருநாள் கேட்டேன், ஒரு தடவ தொட்டுப் பாக்கவான்னு. பொம்பளப் புள்ள பாடு, போதும்னாரு. கோபமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாடுனேன். பதினாலு வயசுல பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போயிட்டேன்."

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அண்ணி வீட்டில் இறக்கி வைத்துப் பார்த்தால், பெட்டியோ படு மோசம். ஒரு கட்டையை அழுத்தாமலே அது ஓயாமல் அழுதது. இரண்டு கட்டைகள் ஊமை. துருத்தி நாலு தடவை அடித்தால்தான் ஒரு சத்தம். காற்று எங்கோ போகிறது. அதைக் கேட்டதும் என் கை சும்மா இருக்கவில்லை. காற்று ஒழுகும் இடம் கண்டுபிடிப்பதற்குத்தானே எனக்குப் பதினெட்டு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்? ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் துருத்தியின் மடிப்புகளில் மெதுவாக நகர்த்தினேன். மூன்று இடத்தில் புகை விலகி ஓடியது. விற்காமல் கிடந்த ஒரு தோல் கைப்பையை வெட்டி ஒட்டினேன். மூடியைக் கழற்றினால், ஊமைக் கட்டைகளுக்குக் கீழே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அண்ணி பல் துலக்கும் பிரஷால் மண்ணைச் சுரண்ட, நான் விளக்குப் பிடித்தேன். அன்று சாயந்திரம் எல்லாக் கட்டைகளும் பேசின. அண்ணி என் தோளில் ஓர் அடி போட்டார். வலித்தது.

சாமானுக்கு விலை ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்களில் ச, ரி, க, ம என்று எழுதிக் கட்டைகளில் ஒட்டிக்கொண்டு, கைப்பேசியில் பாடம் பார்த்து அவர் வாசிக்கத் தொடங்கினார். காலையிலும் வாசித்தார், மதியத்திலும் வாசித்தார், சாயந்திரமும் எங்கள் வீடு வரை கேட்டது. லாரி ஓட்டிக் களைத்து வரும் என் கணவர், "அக்கா, கன்னுக்குட்டியக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குலா," என்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அண்ணி, "இந்த வாரம் நீ மட்டும் போய்ட்டு வா புள்ள," என்று சொல்ல ஆரம்பித்தார். நான் தனியாகப் போய் அடி கனமில்லாத பாத்திரமாக வாங்கி வந்தேன். சமையல்காரர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

அந்த எரிச்சலில்தான் செய்தேன். ஒருநாள் அண்ணி குளிக்கப் போயிருந்த நேரத்தில் பெட்டியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை காலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போது நானும் அங்கேதான் இருந்தேன். ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்ட ஓர் எஸ்டேட்டின் கோயில் நிர்வாகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். "ஆர்மோனியம் விக்கிறதா படம் பாத்தேன் அக்கா."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்தவரை உட்காரச் சொல்லிக் கோப்பி கலந்து கொடுத்தார். உள்ளே போய்ப் பெட்டியை அவரே தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்து, உறையை எடுத்து மடித்தார். மடிப்பைக் கையால் அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டே இருந்தார். அந்த உறைக்கு அவ்வளவு மடிப்புத் தேவையில்லை.

"அண்ணே," என்றேன். "இது விக்கிறதுக்கு இல்ல. நான் அவங்களக் கேக்காமப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் முகம் வாடிவிட்டது. அத்தனை தூரம் வந்திருக்கிறார். அண்ணிதான் சமாளித்தார்.

"ஒங்க கோயில்ல யாரு வாசிக்கிறது?"

"முன்ன வாசிச்சவரு தன் மகன்கிட்ட கோலாலம்பூர் போயிட்டாரு அக்கா. பெட்டியும் அவரோடது. மொதல்ல பெட்டி வாங்குவோம், அப்புறம் ஆளத் தேடுவோம்னு பேசுனோம்."

அண்ணி பெட்டியைத் தம் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு உட்கார்ந்து துருத்தியைத் திறந்து, தமக்குத் தெரிந்த முருகன் பாட்டு ஒன்றை வாசித்தார். நடுவில் விரல் தவறியது. நிறுத்தி, "இருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வந்தவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டார். நல்ல குரல். இருவரும் ஒரு வழியாக ஒன்றாகவே முடித்தார்கள்.

"எத்தன பாட்டு தெரியும் அக்கா?"

"இது ஒன்னுதான். இன்னொன்னு பாதி."

"ஒன்னு போதும். வெள்ளிக்கிழம வாங்க. பெட்டியோட வாங்க."

அவர் போன பிறகு நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எவ்வளவுன்னு போட்டே?"

சொன்னேன்.

"கம்மி," என்றார். "தோலு புதுசா ஒட்டியிருக்கோம்ல." பிறகு அடுப்படிக்குப் போய் எனக்கும் ஒரு கோப்பி கலந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, "இனிமே என் சாமான என்னக் கேட்டுட்டுப் போடு," என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப்பி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் காரை உருட்டிக்கொண்டு போனோம். சின்னக் கோயில். இருபது பேர் இருந்திருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். வேறெங்கோ குடிபோய்விட்டாலும் வெள்ளிக்கிழமை அங்கேதான் வருகிறார்கள். அண்ணி ஊதா நிறச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து அழுந்த வாரியிருந்தார். காரில் அவ்வளவு பேசியவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். என் கையில் யாரோ ஒரு ஜோடிக் கைத்தாளத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பாட்டு தொடங்கியது. அண்ணி பிடித்த சுருதி மிகவும் உயரம். இரண்டாவது வரியிலேயே பாதிப் பேர் குரல் எட்டாமல் கீழே இறங்கிவிட்டார்கள், மீதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார்கள். பின்னாலிருந்து சிரிப்புக்கூடக் கேட்டது. அண்ணி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஸ்டிக்கர்களைப் பார்த்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கட்டையையும் விடாமல் அழுத்திக் கடைசி வரை போய்விட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவ," என்று யாரோ சொன்னார்கள். அதே பாட்டு மூன்று தடவை நடந்தது. மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பொங்கல் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பாடியவர்களில் ஒரு பெண் கிட்டே வந்து அண்ணியின் கையைப் பிடித்தார். "நல்லா இருந்துச்சுக்கா. அடுத்த வாரம் சுதியக் கொஞ்சம் கொறச்சுப் புடிங்க."

"ஆகட்டும்மா," என்றார் அண்ணி, முப்பது வருஷமாக வாசிப்பவர்போல.

கார் தார்ச்சாலைக்கு வந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "சுதியக் கொறைக்கிறதுன்னா என்ன புள்ள?"

எனக்கும் தெரியவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, இழுத்து ஆற்றும் தே தாரிக் டீ சொல்லிவிட்டு, கைப்பேசியை இருவருக்கும் நடுவில் சாய்த்து வைத்துத் தேடத் தொடங்கினோம்.