எங்கள் வீட்டு சாக்லேட்

எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களிக்கு சாக்லேட் என்று பெயர். வைத்தது அம்மா. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அப்போது ஒட்டுச்சுவர் வீட்டில் குடியிருந்தோம். இங்கே தும்மினால் அங்கே நூறாயுசு சொல்வார்கள். களி என்ற சொல் பக்கத்து வீட்டுக் காதில் விழுந்தால், ஞாயிறு ஆராதனைக்குள் சபை முழுக்கப் பரவிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். "இன்னிக்கு என்னம்மா?" என்றால், "சாக்லேட்" என்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து வயிறெரிந்தார்கள். நாங்கள் அவர்கள் வீட்டுச் சோற்று வாசனைக்கு வயிறெரிந்தோம். யாராவது கதவைத் தட்டினால் களிப்பானை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நாடே அப்போது வெள்ளைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி எவ்வளவு வெளுப்போ, குடும்பம் அவ்வளவு மேல். அதே களியை முத்தே என்று பெருமையாக விழுங்கிய கன்னடக்காரர்கள்கூட, விருந்தாளி வந்தால் சோறுதான் வடித்தார்கள். அம்மா தையல் மிஷின் மிதித்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். என்னைக் களியிலிருந்து கரையேற்றுவதுதான் அவளுடைய ஐந்தாண்டுத் திட்டம்.

கரையேறி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன். அங்கே ஆபீஸ் கேன்டீனில் ராகிக்கு வரிசை நின்றது. வெள்ளைக் கிண்ணம், நடுவில் எலுமிச்சை அளவு களி, மேலே ஒரு புதினா இலை. பெயர் மில்லட் பவுல். எங்கள் டீம் லீடர் அதை போட்டோ எடுத்த பிறகுதான் வாயில் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பானைக்கும் ஒரு புதினா இலை கிடைத்திருந்தால் அது கட்டிலுக்கு அடியில் போயிருக்க வேண்டியதில்லை.

போன வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பையனை எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. "பெரிய இடம்டீ. என் கையால எதுவும் கெட்டுடக் கூடாது" என்று ஜெபத்திலும் அதையே சொன்னாள். அவர்கள் வரும் நாளில் சீரக சம்பா வாங்கி மட்டன் பிரியாணி போட்டாள். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் சாப்பிடச் சொன்ன களியைத் தனக்கென்று தனியாகக் கிண்டி, பழைய பழக்கத்தில் பானையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். ஜெபம் முடிந்து பிரியாணி மூடியைத் திறந்ததும், அந்த ஆன்ட்டி தட்டின் மேல் கையை வைத்து மறித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாங்க ரைஸ் விட்டு ரொம்ப நாளாச்சு. ஒன்லி மில்லட்ஸ்."

அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மா, சாக்லேட் எடுத்துனு வா" என்றேன்.

"நாங்க ஸ்வீட்டும் தொடறதில்லம்மா" என்றார் ஆன்ட்டி.

"இது இனிக்காது ஆன்ட்டி."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் உள்ளே போனாள். பானையோடு வந்து, களியை உருட்டி வைத்து, பிரியாணிக்கு வைத்த தால்ச்சாவை ஊற்றினாள். ஆன்ட்டி அதை ஸ்பூனால் வெட்டி, நிதானமாக மென்றார். களியை மெல்லவே கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். அம்மா அவருடைய தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"யூடியூப்ல பார்த்தேங்க" என்றாள் அம்மா.

"அதான். கொஞ்சம் அத்தென்டிக்கா வரல. பரவால்ல, போகப் போக வந்துடும்."

"ஆமாங்க. இன்னும் பழகணும்."

எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். தையல் மிஷின் மிதித்த கால், லேசில் விடவில்லை.

சம்பந்தம் முடிவானது, பாதி அந்தக் களியால். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும், அண்டா நிறைய இருந்த பிரியாணிக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அம்மா என் தட்டு நிறையப் போட்டு, பெரிய கறித்துண்டாகப் பொறுக்கி மேலே வைத்தாள்.

"நல்லா சாப்டுடி" என்றாள். "அந்த வீட்டுக்குப் போனா உனக்கு தினமும் சாக்லேட்தான்."